நெசவாளி விட்டுச்சென்ற அரைமணி நேரம்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி, நீண்ட ஆயுளைத் தரும் அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு ஈந்த கதையை இந்த மண்ணில் பிறந்த குழந்தைகள் கேட்டே வளர்கின்றன. அந்தக் கதையில் கனி ஒன்று. அதைப் பெற்றவரும் ஒருவர். இன்று தகடூரில் நீண்ட ஆயுள் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் பரிசன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதே கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. இந்த மாநிலச் சராசரியை அப்படியே பொருத்திப் பார்த்தாலும் அன்றே இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் முதியவர்கள் இருந்திருப்பார்கள். இன்று அந்த எண்ணிக்கை கூடியிருக்குமே அன்றிக் குறைந்திருக்காது.

ஆயுளை நீட்டிப்பதில் மருத்துவமும் பொது விநியோகமும் தடுப்பூசியும் பெருமளவு வென்றுவிட்டன. அப்படி நீண்ட ஆயுளைப் பிறர் கையை எதிர்பார்க்காமல் வாழ்வது எப்படி என்பதே இப்போதைய கேள்வி. அந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர்களுள் ஒருவர், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி செல்ல வாய்க்காத ஒரு நெசவாளி. வேதாத்திரி மகரிஷி என்று தமிழகம் அறிந்த அவரை ஆன்மிகவாதியாக மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கின்றனர். பொருளியல் படித்து, பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு, உழைப்பாளியின் உடல் தேய்வதை அருகிருந்து பார்த்து, அதற்கு மலிவான ஒரு மாற்று தேடிய மனிதராகவே அவர் தெரிகிறார்.

சென்னைக்குத் தெற்கே உள்ள கூடுவாஞ்சேரியில் 1911 ஆகஸ்ட் 14 அன்று, வரதப்பன் - முருகம்மாள் இணையரின் மகனாகப் பிறந்தார் வேதாத்திரி. குடும்பத் தொழில் கைத்தறி நெசவு. அந்தக் காலத்தில் நெசவாளர் வீட்டுக் குழந்தை, நடக்கத் தெரிந்த உடனேயே ஏதேனும் ஒரு வேலைக்கு உரியதாகிவிடும். நூல் சுற்றுவது, தார் சுற்றிக் கொடுப்பது, பாவு போடும்போது ஓடி ஓடி உதவுவது எனத் தொடங்கும் வேலை, கால் மிதிப்பலகையை எட்டியதும் தறிக்குழிக்குள் இறக்கிவிடும். வறுமை அவருடைய படிப்பைத் தொடக்கத்திலேயே நிறுத்தியது. எழுத்தறிவோடு நின்றுவிட்ட அந்தச் சிறுவன் பிற்காலத்தில் எண்பதுக்கு அருகில் நூல்களும் ஏராளமான கவிகளும் எழுதுவார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

குழித்தறி உழைப்பைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். நாள் முழுவதும் இடுப்பு வளைந்திருக்கும். கால்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும். கண்கள் நூலிழையை விட்டு அகலா. தோளும் மணிக்கட்டும் ஓய்வறியா. உடற்பயிற்சி தேவைப்படாத அளவுக்கு உழைக்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எண்ணுவர். ஆனால், உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு சில தசைகளைத் தேய்க்கிறது. மற்றவற்றைத் துருப்பிடிக்க விடுகிறது. பின்னாளில் வேதாத்திரி வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் முதுகுக்கும் தனித்தனியே இடம் இருப்பதைக் காணும்போது, அதன் வேர் தறிக்குழியில்தான் இருக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான்; ஆயினும் ஆதாரமற்ற ஊகமன்று.

இளமையிலேயே சென்னைக்கு வந்த அவர் பல வேலைகளைப் பார்த்தார். அங்குதான் ஆயுர்வேத மருத்துவர் கிருஷ்ணாராவின் தொடர்பு கிடைத்தது. மருத்துவத்தோடு தியானத்தின் தொடக்கப் பாடங்களையும் அவரிடமிருந்தே பெற்றார். சித்தம், ஆயுர்வேதம், ஹோமியோபதி ஆகிய மூன்றையும் பயின்று மருத்துவம் பார்க்கவும் செய்தார். பின்னர், பரஞ்சோதி மகானைச் சந்தித்து அவரிடம் குண்டலினி யோகம் கற்றார். காடு, மலை என்று போய்த் துறவு பூண்டு பெறவேண்டியதாகக் கருதப்பட்ட ஒரு பயிற்சியை இல்லறத்தாருக்குக் கற்பிக்கலாம் என்ற துணிவு அவருக்கு அங்கிருந்து வந்தது.

அவர் துறவி அல்லர். லோகாம்பாளை மணந்தார், பின்னர் இலட்சுமி அம்மாளையும் மணந்தார். இன்றைய அளவுகோல்களால் அந்த இல்லறத்தை எடைபோடுவோர் கேள்வி எழுப்பக்கூடும், எழுப்புவதில் தவறுமில்லை. ஆயினும், தம் வாழ்க்கையை மறைக்காமல் தாமே எழுதிவைத்தார் என்பதையும், லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30 அவருடைய அன்பர்களால் மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒருநாளேனும் கணவன் மனைவிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஓர் ஆன்மிக இயக்கம் நாள் குறித்தது நம் சூழலில் அரிதான செய்தி.

நெசவுத் தொழிலில் அவர் வளர்ந்தார். ஒற்றைத் தறியில் தொடங்கிய குடும்பத்தின் பிள்ளை, பலநூறு பேருக்கு வேலை தரும் கைத்தறி நிறுவனத்தை நடத்துபவரானார். கைத்தறித் தொழிலின் பொருளியலை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். நூல் விலை ஏறினால் நெய்பவன் வயிறு வாடும். துணி தேங்கினால் கூலி தேங்கும். நெய்பவனுக்கு நோய் வந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். உடல்தான் உழைப்பாளியின் ஒரே மூலதனம் என்பதை நாங்கள் வகுப்பறையில் பாடமாகச் சொன்னோம். அவர் அதைக் கூலிப்பட்டியலிலேயே கண்டவர்.

1958-ஆம் ஆண்டு, தம் நாற்பத்தேழாம் வயதில், சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பிறகு படிப்படியாகத் தொழிலிலிருந்து விலகி, முழு நேரமும் இந்தப் பணிக்கே தம்மை ஒப்படைத்தார். அரசு ஊழியர்கள் ஓய்வை எண்ணத் தொடங்கும் அறுபது வயதில், 1972-இல், முதன்முறையாக அமெரிக்கா சென்றார். பள்ளிப் படிப்பு இல்லாத அந்தத் தமிழர் அதன்பின் பலமுறை அங்கு சென்று பயிற்சி அளித்தார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு மலையடிவாரத்தில் அறிவுத் திருக்கோயில் 1984-இல் திறக்கப்பட்டபோது அவருக்கு வயது எழுபத்து மூன்றை நெருங்கியிருந்தது. அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தார், எழுதினார், பயணம் செய்தார். 2006 மார்ச் 28 அன்று, தொண்ணூற்று நான்காம் வயதில் கோவையில் காலமானார். 2010-இல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு நினைவு அஞ்சல்தலை வெளியிட்டது.

அவர் விட்டுச்சென்றது என்ன? தத்துவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பொதுநலக் கண்ணோடு பார்த்தால் மூன்று செய்திகள் தெரிகின்றன.

முதலாவது, எளிய முறை உடற்பயிற்சி. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, கண்பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடலைத் தேய்த்துவிடுதல், அக்குபிரஷர், உடல் தளர்த்துதல் என்று ஒன்பது படிகள். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். விரிப்பு ஒன்று போதும். கருவி எதுவும் தேவையில்லை. தலைகீழாக நிற்கவோ உடலை முறுக்கவோ வேண்டியதில்லை. பெரும்பகுதி உட்கார்ந்தும் படுத்தும் செய்வது.

இரண்டாவது, தியானமும் அகத்தாய்வும். எண்ணத்தை ஆராய்தல், ஆசையைச் சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று வினவுதல் என ஐந்து படிகளாக அகத்தாய்வை அவர் வகுத்தார். ஒவ்வொருவரும் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு, தமக்கு யார்மீது, எதனால் சினம் வருகிறது என்று பட்டியலிட வேண்டும். கவலைகளையும் அவ்வாறே எழுதி, எது தீர்க்கக்கூடியது, எது ஏற்றுக்கொள்ள வேண்டியது, எது தள்ளிவைக்கத்தக்கது என்று பிரிக்க வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரத் தியானப் பயிற்சி ஒன்றை மருத்துவமனைச் சூழலில் தொடங்கினார். இன்று உலகெங்கும் மனநலத் துறையினர் அதைப் பேசுகின்றனர். நம் ஊர் மன்றங்களில் கவலைப் பட்டியல் எழுதிய நெசவாளர்களையும் ஓய்வுபெற்ற எழுத்தர்களையும் அப்படி யாரும் பேசவில்லை.

மூன்றாவது, மன்றம். இதுவே மிக முக்கியமானது என்பது என் கருத்து. மனவளக்கலை மன்றம் என்ற பெயரில் ஊர்தோறும் ஒரு கூடுமிடத்தை அவருடைய இயக்கம் உருவாக்கியது. தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களிலும் அது வேரூன்றியது. தனியே வீட்டில் பயிற்சி செய்பவர் மூன்றாம் வாரம் நிறுத்திவிடுவார். நாலு பேர் எதிர்பார்க்கும் இடத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. வாழ்க வளமுடன் என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளும் அந்தப் பழக்கம் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பகல் முழுவதும் எவரும் பேசாத வீட்டில் வாழும் முதியவருக்குத் தம்மை நேராகப் பார்த்து ஒருவர் வாழ்த்துச் சொல்வது சிறிய செய்தியன்று. ஜப்பானில் 1928-இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இன்றும் பூங்காக்களில் முதியவர்களைக் காலையில் ஒன்றுகூட்டுகிறது. சீனத்தின் தாய்ச்சியும் அவ்வாறே. கூடிச் செய்வதுதான் இவை நிலைத்ததற்குக் காரணம்.

அவரைப் போற்றுவதோடு நிறுத்துவது நேர்மையாகாது. காயகல்பப் பயிற்சியால் முதுமையைத் தள்ளிப்போடலாம் என்று அவர் நம்பினார், கற்பித்தார். அதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட முடிவாகக் கருத இயலாது. உயிர், காந்தம், பிரபஞ்சம் குறித்த அவருடைய விளக்கங்களையும் இயற்பியல் பாடமாகக் கொள்ள முடியாது. கபாலபதி போன்ற வேகமான மூச்சுப்பயிற்சியை உயர் ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண்ணழுத்த நோய் உள்ள முதியவர்கள் மருத்துவரைக் கேளாமல் செய்யக்கூடாது. மேலும், முதியவர்களின் பெரும் பகை கீழே விழுதல். அதைத் தடுக்க நின்றபடி சமநிலை காக்கும் பயிற்சிகள் வேண்டும். 2019-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 108 ஆய்வுகளை அலசி, முறையான உடற்பயிற்சி முதியோர் விழும் விகிதத்தை 23 விழுக்காடு குறைக்கிறது என்று கண்டது. அதில் முதலிடம் சமநிலைப் பயிற்சிக்கே. உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் பயிற்சிகளோடு, சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நிற்பதும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவதும், நடையும் சேர வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்தோருக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்பும், மூன்று நாள்களேனும் சமநிலைப் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டுதல். அரைமணி நேரம் வீதம் ஐந்து நாள் என்பது அந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

இனி, தருமபுரிக்கு வருவோம். இந்த மாவட்டத்துக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை?

இங்குள்ள நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்பதே ஏற்கத்தக்க அளவு. மாற்றுவழி இல்லாத இடத்தில் ஒன்றரை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இந்த மாவட்டத்தின் பல ஊர்களில் கிணறும் ஆழ்துளைக் கிணறும் அந்த எல்லையைத் தாண்டின. பல்லில் கறையாகத் தொடங்குவது, ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டையும் முதுகெலும்பையும் இறுக்கிவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது பெரும் சாதனை. ஆனால், இன்று அறுபதைக் கடந்தவர்கள் அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்தக் கிணற்று நீரையே குடித்தவர்கள். எலும்பில் படிந்ததை எந்தப் பயிற்சியும் கரைக்காது. அதற்கு மருத்துவமே வழி. எஞ்சியிருக்கும் அசைவைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பயிற்சி உதவும்.

இரண்டாவது காரணம், இடப்பெயர்வு. மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேர் கிராமவாசிகள். மழையை நம்பிய வேளாண்மை கைவிட்டதால் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறினார்கள். பணம் ஊருக்கு வருகிறது. பிள்ளைகள் பண்டிகைக்கு வருகிறார்கள். மற்ற நாள்களில் வீட்டில் இருப்பது முதியவர்கள், சில வீடுகளில் பேரக்குழந்தைகளோடு. அந்த வீட்டில் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அது ஓர் உடலின் முறிவு மட்டுமன்று. பெங்களூரில் ஒருவரின் வேலை போகும், கடன் ஏறும், பேரனின் பள்ளி மாறும். மாத முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாயாக 2023-இல் உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்க அந்தத் தொகை, ஒரு முறிவைத் தாங்காது. முறிவைத் தடுப்பதற்கு ஆகும் செலவோ மிகச் சொற்பம்.

எனினும், ஒரு மனக்குறையைச் சொல்லியாக வேண்டும். காலை வேளைகளில் நான் கண்ட பயிற்சிக் கூடங்களில் என்னைப் போன்ற ஓய்வூதியர்களே மிகுதி. ஆசிரியர்கள், வங்கி அலுவலர்கள், எழுத்தர்கள், அவர்தம் துணைவியர். களையெடுத்தும் செங்கல் சுமந்தும் முதுமை அடைந்த பெண்மணியை அங்குக் காண்பது அரிது. காலை ஆறு மணி அவருக்கு மாடு கறக்கும் நேரம். தண்ணீர் பிடிக்கும் நேரம். கூடமோ நகரத்தில், அவர் வீடோ நான்கு கிலோமீட்டர் தள்ளி. உழைப்பவர் வீட்டில் பிறந்த ஒருவர் வகுத்த பயிற்சி, உழைத்துத் தேய்ந்தவர்களைத் தவிர மற்றவர்களையே பெரிதும் சென்றடைந்திருக்கிறது. இதற்கு அவரைக் குறைசொல்ல முடியாது. கிராமங்களைத் தத்தெடுத்துப் பயிற்சி தரும் கிராமிய சேவைத் திட்டத்தை அவருடைய சங்கம் நடத்தி வருகிறது. ஆயினும், ஒரு தொண்டு இயக்கம் செய்யக்கூடியதற்கு எல்லை உண்டு. மிச்சம் பொதுநிர்வாகத்தின் கடமை.

அதற்குத் தேவையான அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில், ஒருகாலத்தில் தருமபுரியோடு இருந்து 2004-இல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது. வீடு தேடி மருந்து தரும் மகளிர் தன்னார்வலர்களும் இயன்முறை மருத்துவர்களும் அத்திட்டத்தில் உள்ளனர். ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கப் போகும் அந்தத் தன்னார்வலரே, பத்துப் பதினைந்து முதியவர்களை மாலை நேரத்தில் ஊராட்சிக் கட்டடத்திலோ பள்ளித் தாழ்வாரத்திலோ ஒன்றுகூட்டலாம். இயன்முறை மருத்துவர் மாதம் ஒருமுறை வந்து யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பார்த்துச் சொல்லலாம். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி வேண்டும். அருகில் கழிப்பறை வேண்டும். வேலை முடிந்து வருவதற்கேற்ற நேரம் வேண்டும். எந்தச் சமயச் சாயலும் இல்லாமல், எவரும் தயங்காமல் வரும் இடமாகவும் அது இருக்க வேண்டும். 2023 நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைப்பாதைகளை அரசு தொடங்கியது. எட்டுக் கிலோமீட்டர் நடக்க முடிந்தவருக்கு அது நல்லது. வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கவே அஞ்சுபவருக்கு நூறடி தூரத்தில் ஓர் இடம் வேண்டும்.

வேதாத்திரி மகரிஷியின் தத்துவத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். தறியை விட்டு எழுந்த ஒருவர், நாற்பத்தேழு வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்கி, தொண்ணூறைத் தாண்டியும் அதைக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்ற வரலாற்றை யாரும் மறுக்க முடியாது. முதுமை என்பது ஒதுங்கிக்கொள்ளும் காலம் என்ற நம் பழைய எண்ணத்துக்கு அந்த வாழ்க்கையே விடை. அவர் வகுத்த அரைமணி நேரம் நகரத்து ஓய்வூதியரின் காலைப் பொழுதோடு நின்றுவிடாமல், பாப்பாரப்பட்டியிலும் ஏரியூரிலும் தனியே இருக்கும் ஒரு தாயின் மாலைப் பொழுதையும் சென்றடைய வேண்டும். ஒரே கனியை ஒருவருக்குக் கொடுத்ததற்காக ஈராயிரம் ஆண்டுகளாகப் புகழப்படும் ஊர் இது. ஒரு கூடத்தின் கதவைத் தினமும் அரைமணி நேரம் திறந்துவைப்பது இந்த ஊருக்கு இயலாத ஈகையன்று.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - ஓய்வு.)